நாலு வெறுங்கல்

எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். “ரெண்டு பக்கம் போதும் ஐயா” என்றார் செயலாளர். எனக்குச் சிரிப்பு வந்தது. தலையில் சும்மாடு வைத்து மணல் தூக்கியவன் ஊரிலேயே பெரிய டைல்ஸ் கடைக்கு முதலாளியான கதை அது. ரெண்டு பக்கத்தில் அடங்கினால் அது வேறு யாரோ சோப்ளாங்கியின் கதையாகத்தான் இருக்கும். என் கதைக்குத் தனிப் புத்தகம் வேண்டும். எழுதுவேன். இந்த மலருக்கு, என்னிடம் வேலை எடுத்துச் செய்கிற ஒரு ஆளைப் பற்றி எழுதித் தருகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் செயலாளர் திருத்திக்கொள்ளட்டும். அதற்குத்தான் அவர் படித்திருக்கிறார். ஆனால் விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அழகு ஆளுக்கு ஆள் மாறும் என்று சிலர் பேசுவார்கள். விற்கத் தெரியாதவன் பேச்சு அது. என் கடைக்கு வந்து பாருங்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வருவார்கள். அவருக்கு மரக் கலர் வேண்டும், அம்மாவுக்குப் பூப் போட்டது வேண்டும். மாடியில் இருக்கிற அத்தனை கல்லையும் பார்க்க விடுவேன். கால் வலித்துக் கீழே இறங்கும்போது, வாசல் பக்கத்தில் விளக்கு போட்டு வைத்திருக்கிற பளபளப்பான சந்தனக் கலர் கல் முன்னால் நிறுத்துவேன். ரெண்டுக்கு ரெண்டு அடி. பூ இல்லை, கோடு இல்லை. “இதான் இப்ப எல்லாரும் போடுறாங்க” என்பேன். பத்து வீட்டில் எட்டு வீடு அதைத்தான் போட்டிருக்கிறது. இந்த ஊரில் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உங்கள் காலில் படுவது நான் தேர்ந்தெடுத்த அழகு. அழகு ஆளுக்கு ஆள் மாறுமென்றால் இது எப்படி நடக்கும்?

அந்த வீடுகளில் பாதிக்கு மேல் கல் பதித்தவன்தான் நான் சொல்லப்போகிற ஆள். அவனை எல்லாரும் டொக்கு என்று கூப்பிடுவோம். சரியான பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருக்கும். கல்லுக்கு அடியில் சிமெண்ட் சேராமல் வெற்றிடம் இருந்தால், தட்டும்போது டொக்கு என்று சத்தம் வரும். மற்றவர்கள் அங்கொன்று இங்கொன்று தட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கை முடிப்பார்கள். இவன் வேலை முடிந்ததும் வீடு முழுக்க மண்டி போட்டு, சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு வருவான். காதைத் தரையில் வைத்துக்கூடக் கேட்பான். இவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்காரர்கள் பயந்திருக்கிறார்கள்.

அம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவர்கள் விட்டுப்போன சின்ன வீட்டில் தனியாக இருந்தான். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் குளிக்கிற இடம். கூடத்தில் ஒரு ஜன்னல். பேச்சு குறைவு. மண்டி போட்டு மண்டி போட்டு, நிற்கும்போதுகூட முழங்கால் லேசாக மடங்கித்தான் இருக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான், காலைப் பார்த்துத்தான் பேசுவான். “அவருக்குப் பணிவு ஜாஸ்தி” என்று வீட்டுக்காரர்கள் என்னிடம் சொல்வார்கள். பணிவும் இல்லை ஒன்றும் இல்லை. புதுத் தரையில் கால் எப்படி வைக்கிறார்கள் என்று பார்க்கிறான்.

அவனுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரரிடம், “மிச்சத்துல ஒரு கல்லு எடுத்துக்கவா?” என்று கேட்பான். ஒன்றுதான். ரெண்டு கொடுத்தாலும் ஒன்றைத் திருப்பி வைத்துவிடுவான். என் வீட்டு வேலை முடிந்தபோதும் கேட்டான். என் வீட்டுக் கல் சாதாரணக் கல் இல்லை. கப்பலில் வந்தது. வெள்ளையில் சாம்பல் நரம்பு ஓடும். இந்த ஊரில் அது என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. “ரெண்டா எடுத்துக்கடா” என்றேன். “ஒண்ணு போதும் அண்ணே” என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்டூலுக்கு அடியில் போடுவான் என்று நினைத்தேன்.

ஒரு தடவை அவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். முதலாளி வேலைக்காரன் வீட்டுக்குப் போவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. நான் போவேன், நான் அப்படி. கதவைத் திறந்தவன் நின்றுவிட்டேன்.

கூடம் முழுக்க அந்தக் கற்கள். ஒன்று பச்சை, பக்கத்தில் காப்பிக்கொட்டை நிறம், அதை ஒட்டி மீன் போட்ட குளியலறைக் கல், அதற்கடுத்து ஏதோ ஆபீஸ் படிக்கட்டுக் கல், சொரசொரப்பான வாசல் கல், திராட்சைக் கொத்து போட்ட சமையலறைக் கல். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எனக்குக் கண் சுற்றிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பைத்தியக்கார ஆஸ்பத்திரிச் சுவரைக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

“என்னடா இது?” என்றேன்.

“தரை அண்ணே” என்றான் போர்வைக்குள் இருந்து.

“தரைன்னு எனக்குத் தெரியாதா? குப்பைத் தொட்டியக் கவுத்த மாதிரி இருக்கு.”

அவனுக்குக் கோபமெல்லாம் வராது. “ரசமட்டம் வச்சுப் பாருங்க” என்றான்.

வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் போய் நின்றது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு கனம், ஒவ்வொரு அளவு. கனமானதை இறக்கி, மெல்லிசானதை ஏற்றி, பெரியதை அறுத்துச் சின்னதோடு சேர்த்து, எங்கேயும் விரலில் தட்டாமல் போட்டிருந்தான். வேலை நல்ல வேலை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல வேலை வேறு, அழகு வேறு.

ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில், கப்பலில் வந்த என் கல் இருந்தது. அது ஒன்றுதான் அங்கே பார்க்கிற மாதிரி இருந்தது.

“நாள் பூரா உங்க சந்தனக் கலர்தான் போடுறேன்” என்றான் அவன். “மண்டி போட்டா மூக்குக்கு முன்னால சந்தனக் கலர். அந்த வீட்ல இருந்து இந்த வீட்டுக்கு வந்தா இங்கயும் அதே. எந்த வீட்ல இருக்கோம்னே மறந்து போகும். சாயங்காலம் இங்க வந்து விளக்கப் போட்டா… நல்லா இருக்கும் அண்ணே. கூட்டமா இருக்கற மாதிரி இருக்கும்.”

காய்ச்சலில் உளறுகிறான் என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு வருஷம் இருக்கும். ஒரு துணிக்கடைக் கணக்குப்பிள்ளை வீட்டில் குளியலறை வேலைக்கு அவனை அனுப்பினேன். வேலை முடிந்து கடைக்கு வந்தவன், போகாமல் சாக்கு அடுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான்.

“என்ன, அட்வான்ஸ் வேணுமா?”

“இல்ல அண்ணே.”

“பின்ன ஏன் நிக்கற? சொல்லு, இல்லேன்னா மூட்டையத் தூக்கு.”

“அந்த வீட்ல ஒருத்தங்க இருக்காங்க” என்றான்.

கணக்குப்பிள்ளையின் தங்கை. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகி, அண்ணன் வீட்டில் இருக்கிறவள். பிள்ளை இல்லை. ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி பார்க்கிற வேலை. பூப் போட்ட துணி, கட்டம் போட்ட துணி எல்லாம் மேஜை மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அச்சு விலகியிருக்கிறதா, பூ அரைகுறையாக விழுந்திருக்கிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அதே. டொக்கு அந்த வீட்டில் வேலை செய்த நாட்களில் அவள் கம்பெனிக்குப் போகும் முன் அவனுக்கு டீ வைத்துக் கொடுத்திருக்கிறாள். கிளம்பும் நாளில் இவன் வழக்கம்போல ஒரு கல் கேட்டபோது, அவளே மிச்சக் கற்களைப் புரட்டி, மூலை உடையாத நீலக் கல் ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்திருக்கிறாள்.

“எதுக்குன்னு கேட்டாங்க அண்ணே. இத்தன வருஷத்துல எதுக்குன்னு கேட்டது அவங்க ஒருத்தங்கதான்.”

“நீ என்ன சொன்ன?”

“வீட்ல போடுறதுக்குன்னு சொன்னேன். ஒரு கல்ல வச்சு என்ன போடுவீங்கன்னு சிரிச்சாங்க.”

இதற்கு மேல் அவனை விட்டால் சிரிப்பையே நினைத்துக்கொண்டு கிழவனாகிவிடுவான் என்று தெரிந்தது. நானே நேரில் போய்ப் பெண் கேட்டேன். ஒரு காரியத்தில் நான் இறங்கினால் முடியாமல் திரும்பியது கிடையாது. கணக்குப்பிள்ளை யோசித்தார். அவர் பெண்டாட்டி யோசிக்கவேயில்லை. “நல்ல மனுஷன்தாங்க, வேலை செஞ்ச எடத்துல ஒரு பொட்டு சிமெண்ட் சிந்தல” என்றாள். அந்த அம்மாவின் கூடத்தில், அலமாரிக்கும் டிவிக்கும் நடுவில் சுருட்டி வைத்த படுக்கை ஒன்றைப் பார்த்தேன். நாத்தனார் படுக்கை. எல்லாரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் அவள் படுக்க முடியும். அதனால் அண்ணிக்கு மட்டுமல்ல, அவளுக்கும் இது அவசரம்தான் என்று புரிந்துகொண்டேன்.

“வீட்டை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்” என்று அவள் மட்டும் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் டொக்குவிடம் போய், “தரையை மூடு” என்றேன். “கடையில பிளாஸ்டிக் விரிப்பு இருக்கு, சுவத்துக்குச் சுவர் விரிச்சிடு. கல்யாணம் ஆகட்டும், அப்பறம் மெதுவாத் திறந்து காட்டு.”

“ஏன் அண்ணே மூடணும்?”

“நல்லா இல்லடா.”

“எனக்கு நல்லா இருக்கு.”

“உனக்கு நல்லா இருந்தா நீயே கட்டிக்க. வரப்போறது அந்தப் பொண்ணு.”

அவன் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, “அவங்க கொடுத்த கல்லும் அதுல இருக்கு அண்ணே. மூடினா எப்படி?” என்றான்.

மூடவில்லை. என் பேச்சைக் கேட்காதவர்கள் கதி என்ன ஆகும் என்று நான் பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன், கேட்பதில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் கணக்குப்பிள்ளை, அவர் மனைவி, தங்கை மூன்று பேரும் வந்தார்கள். பேச்சுக்கு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். டொக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, வாசலிலேயே நின்றான். இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் கழுவிக் கவிழ்த்து வைத்து நிமிர்த்தியிருந்தது.

அண்ணிதான் முதலில் உள்ளே போனாள். “ஐயையோ” என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “என்னங்க இது, கடை சாம்பிளெல்லாம் இங்கதான் வச்சிருக்கீங்களா?”

“சும்மா இரு” என்றார் கணக்குப்பிள்ளை.

“சும்மா எங்கங்க இருக்கறது? இதோ பாருங்க, நம்ம பாத்ரூம் கல்லு! நம்ம பாத்ரூம் கல்லக் கொண்டாந்து கூடத்துல போட்டிருக்காரு!”

ஆமாம், ஜன்னலுக்கு நேர் கீழே, என் கல்லுக்குப் பக்கத்தில் அந்த நீலக் கல் இருந்தது. டொக்குவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “மொதல் வெயில் அங்கதாங்க விழும்” என்றான். யாருக்குச் சொன்னான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அவள் வாசலைத் தாண்டி வந்தாள். எனக்கு அப்போது தெரியவில்லை, விஷயம் புரிந்த பிறகு ரொம்ப நாள் கழித்து அவன்தான் சொன்னான். அவள் கால் எல்லாக் கல்லிலும் படவில்லையாம். வெளிர் நிறமாக, வேலைப்பாடு இல்லாமல் இருக்கிற கல்லாகப் பார்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எட்டி வைத்து நடந்தாளாம். வாய்க்காலைத் தாண்டுகிறவர்கள் கல் பார்த்துக் கால் வைப்பார்களே, அப்படி. நீலக் கல்வரை போய் நின்றாள். குனிந்து அதைத் தொட்டாள். “உடையாமப் போட்டிருக்கீங்க” என்றாள். பிறகு சமையலறையைப் பார்த்தாள், பின்கட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தரைப் பக்கம் கண்ணை இறக்கவேயில்லை. அதை நான் கவனித்தேன். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

டொக்குவுக்கும் ஏதோ விளங்கியது. ஆனால் தலைகீழாக.

அவர்கள் போனதும், “வழுக்குது அண்ணே” என்றான்.

“என்ன வழுக்குது?”

“கல்லுல பாதி பாலிஷ் கல்லு. அவங்க பயந்து பயந்து கால் வச்சாங்க, பாத்தேன். சொரசொரப்பு இருக்கற கல்லாத் தேடி மிதிச்சாங்க. என் புத்தி! பழக்கமில்லாதவங்களுக்கு வழுக்கும்ல?”

நான் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை. இருபது முப்பது வருஷமாகக் காலைப் பார்த்தே ஆளைப் படித்தவன். கால் தயங்கினால் வழுக்குகிறது என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அந்த வாரம் வேலைக்கே வரவில்லை. சாணைக் கல்லையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, மண்டி போட்டு, பளபளப்பான கல் ஒவ்வொன்றையும் தேய்த்து மங்க வைத்தான். மீன் மங்கியது, திராட்சை மங்கியது. கப்பலில் வந்த என் கல்லையும் தேய்த்துவிட்டான், படுபாவி. முடித்துவிட்டுக் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்று, “இப்ப வழுக்காதுன்னு சொல்லிடுங்க” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அந்த அம்மா எனக்குப் போன் செய்து, “உங்க ஆளு நல்லாத்தானே இருக்காரு?” என்று கேட்டாள்.

தங்கையிடமிருந்து பதில் வரவில்லை. அவளே ஒருநாள் கம்பெனி விட்டு நேராக என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாடிக்குப் போகாமல் வாசல் பக்கமே நின்று, சுவரில் சாய்த்து வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் ஒன்றைத் தொட்டாள். சந்தனக் கலர் இல்லை. அதையும்விட வெறுமையானது. பளபளப்பும் கிடையாது, வெந்த மண் மாதிரி மங்கல் வெள்ளை. நாங்கள் வெறுங்கல் என்போம். யாரும் வாங்க மாட்டார்கள். ஏன் வாங்கி வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

“இது எவ்வளவு நல்லா இருக்கு” என்றாள்.

“அதுல என்னம்மா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அதான்.” கையை அதன் மேலேயே வைத்திருந்தாள். “நாள் பூராப் பூவும் கட்டமும்தான் பாக்கறேன் ஐயா. எதப் பாத்தாலும் கண்ணு தானா தப்புத் தேடும். பஸ்ல முன்னால நிக்கறவங்க பொடவையில தேடும். படுத்தா போர்வையில தேடும். அன்னிக்கு அவர் வீட்ல… டீ குடிக்கறதுக்குள்ள எத்தன கல்லுல பூ அறுபட்டிருக்குன்னு எண்ணிட்டேன். எண்ணக் கூடாதுன்னு ஜன்னலப் பாத்தேன்.”

“ஆளு எப்படிம்மா?”

“அவருக்கு என்ன” என்றாள். “எங்க அண்ணி சிரிச்சப்பக்கூட அவருக்குக் கோவம் வரல. எல்லாத்தையும் தேச்சிருக்காராமே, வழுக்குதுன்னு.”

“தரைதானே? நான் சொல்றேன், ஒரே வாரத்துல பேத்து எடுத்துட்டு இதே கல்லப் போடச் சொல்றேன்.”

“வேண்டாம் ஐயா. சொல்லாதீங்க. சொன்னா பேத்துருவாரு.”

“பேக்கட்டுமே!”

“அவருக்கு அது அவ்வளவு அழகா இருக்கு. அத எனக்காகப் பேத்தா, அப்பறம் நான் காலம் பூரா பேத்த எடத்துலதான் நடக்கணும்.”

“அப்ப கொஞ்ச நாள்ல பழகிடும்மா. மனுஷனுக்கு எல்லாம் பழகும்.”

அவள் சிரித்தாள். டொக்கு சொன்ன சிரிப்பு இதுதான் போலிருக்கிறது. “அண்ணன் வீட்ல பழகிட்டுத்தான் ஐயா இருக்கேன், இத்தன வருஷமா. இன்னொரு எடத்துக்கும் போய்ப் பழகணுமா?”

போகும்போது கல்லை இன்னொரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்க நான் என்ன ஊமையா? மறுநாளே டொக்குவை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெறுங்கல் வீடு முழுக்க நானே தருகிறேன், வண்டியில் ஏற்றட்டுமா என்றேன்.

அவன் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். “வழுக்கலையா அப்ப?” என்றான்.

“வழுக்கலடா.”

“பேக்க வேண்டாம்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“பேத்தா வர மாட்டாங்க. பேக்கலேன்னாலும் வர மாட்டாங்க.” மெதுவாகச் சிரித்தான். “ரெண்டு பக்கமும் சுவரு அண்ணே. கல்ல எப்படித் திருப்பினாலும் உள்ள போகாது.”

பிறகு கேட்டான்: “எந்தக் கல்லத் தொட்டாங்க?”

காட்டினேன். முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தான். எதைப் பார்த்தாலும் மூக்கு உரசப் பார்க்கிறவன், அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் பார்த்தான். “இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல அண்ணே” என்றான். “நாலு கல்லு எடுத்துக்கவா?”

நாலு! ஒன்றுக்கு மேல் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எடுத்துக்கொண்டு போனான்.

அப்புறம் மழைக்காலம் வந்தது, வேலை மந்தமாகிவிட்டது. என் வீட்டில் நானும் வேலைக்கார அம்மாவும்தான். பெரியவன் ஒரு நாட்டில், சின்னவன் ஒரு நாட்டில். என் வீட்டுக்காரி இருந்தபோது அந்தத் தரையைத் துடைத்துவிட்டு, காயும்வரை யாரையும் உள்ளே விட மாட்டாள். இப்போது காய்ந்துதான் கிடக்கிறது, நடக்கத்தான் ஆள் இல்லை. பையன்கள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, “பின்னால தரை கண்ணக் கூசுதுப்பா, தள்ளி உக்காருங்க” என்கிறார்கள். தள்ளி உட்கார்ந்துகொள்வேன். அப்படி ஒரு சாயங்காலம், பேசி முடித்துவிட்டு, சும்மா இருப்பானேன் என்று டொக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனதும் என் கண் என் கல்லைத்தான் தேடியது. காணோம். அந்த இடத்தில், ஜன்னல் ஓரமாக, நீலக் கல்லை மட்டும் விட்டுவிட்டு, அதை ஒட்டி நாலு வெறுங்கல் சதுரமாகப் பதித்திருந்தது. அதன் மேல் ஒரு நாற்காலி. புதுசு, மரத்தில். உட்காருகிறவர் கால் வைக்க முன்னால் இடம். நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. உட்கார்ந்தால் மற்ற கல் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

“என் கல்லையாடா பேத்த?”

“உடையாம வந்துச்சு அண்ணே” என்று சுவரோரம் காட்டினான். துணியில் சுற்றிச் சாய்த்து வைத்திருந்தான். “நல்ல வெளிச்சம் வர்ற எடம் அதுதான். அதான்.”

எனக்குச் சுருக்கென்றது. கப்பலில் வந்த கல். ஆனாலும் பெரிய மனுஷன், வெளியே காட்டிக்கொள்ளாமல் போய் அந்த நாற்காலியில் உட்காரப் போனேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாற்காலி எனக்குத்தான் போடுவார்கள்.

“அண்ணே,” என்றான். என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டான். “அதுல வேண்டாம் அண்ணே. இதுல உக்காருங்க.”

பழைய பிளாஸ்டிக் நாற்காலி ரெண்டிலும் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கலவை குழைக்கிற வாளியைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டான். உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கடை ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

“வருவாளா?” என்றேன்.

“தெரியல அண்ணே. வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாக்கூடப் போதும். வாசல்ல இருந்து அதுவரைக்கும் வெளிர் கல்லா எட்டி வச்சு வர்ற மாதிரி ரெண்டு மூணு கல்ல மாத்திப் போட்டிருக்கேன்.” கையை நீட்டி வழியைக் காட்டினான். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். “அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. இந்தத் தடவை நெசமாவே சொல்லாதீங்க. நாற்காலி போட்டிருக்கேன்னு சொன்னா, பாவம்னு வந்து உக்காந்த மாதிரி ஆயிடும்.”

“சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“என் கடை மேல சத்தியம்.”

அவன் தரையில் குந்திக்கொண்டான். ரெண்டு பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தரை அசிங்கம்தான், இப்போதும் சொல்கிறேன். தேய்த்து மங்கின பிறகு இன்னும் மோசம். அந்த நாலு வெறுங்கல்லும் என் கடையில் விலை போகாத சரக்கு. ஆனால் வாளியில் உட்கார்ந்து பார்த்தபோது என் கண் சுற்றிச் சுற்றி அங்கேயே போய் நின்றது. வெளிச்சம் குறைந்தது. அவன் எழுந்து விளக்குப் போடவில்லை.

“எப்படி இருக்கு அண்ணே?” என்றான். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவன் அப்படிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் எது அழகு என்று சொல்கிற வாய் என் வாய்.

“கல்லுக்குக் கல்லு இடுக்கு நல்லா வந்திருக்கு” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.

கடை மேல் சத்தியம் செய்திருக்கிறேன், சொல்ல மாட்டேன். எழுத மாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இந்த மலர் சங்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் போகும். அவள் வேலை பார்க்கிற ஆடைக் கம்பெனி முதலாளியும் சங்கத்தில்தான் இருக்கிறார். அவர் எதையும் படிக்கிறவர் இல்லை, ஆட்கள் சாப்பிடுகிற அறை மேஜையில் போட்டுவிடுவார். மத்தியானத்தில் அங்கே கண்ணை ஆற்றிக்கொள்ள உட்காருகிறவர்கள் யாராவது புரட்டினால் புரட்டட்டும். பூவும் கட்டமும் இல்லாத, வெறும் எழுத்து மட்டும் இருக்கிற பக்கமாக இதைப் போடச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவன் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பான். கதவு சாத்தியிருக்காது. அந்த நேரத்தில் வெயில் ஜன்னலை விட்டு வீட்டுக்கு மறுபக்கம் போய்விடும், கண் கூசாது.